வீட்டுக்குள் ஒரு தனியறை: நெல்லை வெயிலையும் காற்றையும் அறிந்து அமைப்பது எப்படி

ஆறு வருடத்துக்கு முன்னால், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) சும்மா கிடந்த அறையை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். பத்துக்கு எட்டு அடி. போனில் பார்த்த படங்களைப் போலவே சுவருக்குக் கரும்பச்சைப் பெயிண்ட், மூலையில் பீன் பேக், ஜன்னலைச் சுற்றி சீரியல் விளக்கு. மாசியில் வேலை முடிந்தது. ஒரு மாதம் ராணி மாதிரி இருந்தேன். சித்திரை பிறந்ததும், மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைத் திறந்தால் சூளைக்குள் தலையை நீட்டியது போல இருந்தது. ஆடிக்குள் அந்த அறையில் இரண்டு அரிசி மூட்டை, பழைய மிக்ஸி, கொலு பொம்மைப் பெட்டி, காலொடிந்த ஸ்டூல் எல்லாம் குடியேறிவிட்டன. பீன் பேக்கில் பூனை குட்டி போட்டிருந்தது.

அதே அறையில்தான் இப்போது தினமும் உட்காருகிறேன். இடையில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். படம் பார்த்து ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் படங்களில் பாதி குளிர் நாட்டு வீடுகள். நமக்கு வெயில், காற்று, ஓதம் (சுவரிலும் அறையிலும் ஏறும் ஈரம்), குழாய் ஸ்பீக்கர் ஆகிய நான்கையும் சமாளித்த பிறகுதான் விளக்கும் மெத்தையும்.

1. அறைக்கு முன்னால் நேரம்

ஒரு வாரம் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள்: வீட்டில் உங்களை யாரும் கூப்பிடாத நேரம் எது? அந்த நேரத்தில் என்ன செய்ய ஆசை? படிப்பதா, எழுதுவதா, தையலா, தியானமா, வீணையா, வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? (கடைசியில் சொன்னதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். என் அறையில் பாதி நேரம் அதுதான் நடக்கிறது.)

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், விடிகாலை நாலரை மணிக்காரருக்கும் மத்தியானம் இரண்டு மணிக்காரருக்கும் வேண்டிய அறை ஒன்றல்ல. விடிகாலைக்காரருக்கு மேற்குச் சுவர் எவ்வளவு கொதித்தாலும் கவலையில்லை; அந்நேரத்துக்குள் அது ஆறியிருக்கும். மத்தியானக்காரர் தட்டட்டி அறையைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பணம் கூரைக்கே போகும். நான் முதல் தடவை மத்தியானக்காரியாக இருந்துகொண்டு அந்த அறையைப் பிடித்தேன். இரண்டாம் தடவை என் நேரத்தை மாற்றினேன், கூரையையும் மாற்றினேன்.

2. இடம் பார்ப்பது

பழைய திருநெல்வேலி வீட்டில் தனிமைக்கு என்று தனி அறை கிடையாது. ஆனால் இடம் இருந்தது: திண்ணை, தார்சா (வீட்டின் முன்கூடம்), மச்சு (தாழ்ந்த மாடி அறை), தட்டட்டி. ஆண்களுக்குக் கூடுதலாக ஆற்றங்கரைப் படித்துறை. சிந்துபூந்துறையிலோ குறுக்குத்துறையிலோ போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பெண்கள் அதே படித்துறைக்குப் போனால் கையில் துணி மூட்டையாவது குடமாவது இருக்க வேண்டும். நான் அறை கேட்டபோது அத்தையும் அதைத்தான் கேட்டார்கள்: "தட்டட்டியில போயி தனியா உக்காந்து என்னட்டி செய்யப் போற?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, இடத்துக்கு வருவோம். பழைய வீடாக இருந்தால் மூணாங்கட்டில் (வீட்டின் பின்பகுதியில்) சாமான் போட்டு வைத்திருக்கும் அறை அல்லது கைவிட்ட மாட்டுத்தொழுவம் நல்ல தேர்வு. தடித்த சுவர், ஓட்டுக்கூரை, தெருச் சத்தம் எட்டாத தூரம். மச்சு குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் தலை இடிக்கும். புது வீடு என்றால் கிழக்கு அல்லது வடக்குப் பக்கத்துக் கீழ் அறை. எதுவுமே இல்லாதவர்களுக்குத்தான் தட்டட்டி அறை. பெரும்பாலோருக்கு அதுதான் கிடைக்கிறது என்பதால் கீழே அதைப் பற்றி அதிகம் பேசுகிறேன்.

பிடித்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, உங்கள் நேரத்தில், மூன்று நாள் உட்கார்ந்து பாருங்கள். பெயிண்ட் கடைக்குப் போவது அதற்குப் பிறகு. எந்தச் சுவர் சுடுகிறது, எந்தப் பக்கம் காற்று, பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை மணிக்கு விசிலடிக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

3. வெயில்: பணத்தில் பாதி இங்கே

திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு 8.7 பாகை வடக்கே இருக்கிறது. இதனால் ஏப்ரல் இரண்டாம் வாரம், அதாவது சித்திரை பிறக்கிற சமயத்தில், உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. இரண்டுக்கும் நடுவில், மே, ஜூன், ஜூலையில், நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். 'வடக்கு ஜன்னலில் வெயிலே விழாது' என்று வடக்கத்திக்காரர்கள் எழுதுவது இங்கே பலிக்காததற்குக் காரணம் இதுதான். ஆனாலும் நடுப்பகலில் சூரியன் மிக உயரத்தில் இருப்பதால் ஒன்றரை அடி சன்ஷேடு போதும். நாலடி உயர ஜன்னல் முழுக்க நிழலாகிவிடும்.

ஆக, நம் ஊரில் அறையைச் சுட வைப்பது இரண்டு: கூரை, மேற்குச் சுவர். மற்றதெல்லாம் சில்லறை.

கூரையை மேலிருந்துதான் வைத்தியம் பார்க்க வேண்டும். காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்கு மேல் அதை உள்ளே இறக்கும். உள்ளே ஜிப்சம் சீலிங் போட்டால் சூடு கொஞ்சம் மட்டுப்படும் என்பது உண்மை. ஆனால் தளம் சுட்டுக்கொண்டேதான் இருக்கும், ஏற்கெனவே தாழ்ந்த அறையில் இன்னும் அரை அடி உயரம் போய்விடும், மின்விசிறி தலைக்கு வரும். என்னைக் கேட்டால் சீலிங் கடைசி.

மிக மலிவான வழி வெள்ளையடிப்பது. சுண்ணாம்பை முதல் நாளே ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் பெவிகால் கலந்து, தளத்தை நன்றாகக் கழுவிக் காய்ந்த பிறகு இரண்டு கை அடிக்க வேண்டும். பங்குனிக்குள் முடித்துவிட்டால் கோடைக்கு ஆயிற்று. ஐப்பசி மழையில் கரைந்துபோகும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். நிரந்தரமாக வேண்டுமானால் வெள்ளைக் கூலிங் டைல்ஸ். ஓட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) சரியாகக் கொடுக்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும் இதில் இறங்குங்கள்; தண்ணீர் தேங்கினால் டைல்ஸுக்கு அடியில் கசிந்து, எங்கே கசிகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதிக்கிற பழைய முறையும் நல்லதுதான். எடை கூடும் என்பதால் பழைய தளமாக இருந்தால் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பலித்தது பந்தல். தளத்துக்கு மூன்றடி மேலே இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் மேல் பச்சை நிழல்வலை. வெயில் தளத்தைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது, நடுவில் காற்று ஓடுகிறது. ஓலைப் பந்தல் இன்னும் குளிர்ச்சி. ஆனால் தீபாவளி ராக்கெட்டை நினைத்து நான் அதன் பக்கம் போகவில்லை. சட்டத்தைத் தளத்தில் ஓட்டை போட்டு நட வேண்டாம், கைப்பிடிச் சுவரோடு பொருத்துங்கள். ஆனி பிறந்ததும் வலையைக் கழற்றிச் சுருட்டி வைக்க வேண்டும். முதல் வருடம் நான் மறந்தேன். மேகாத்து (மேற்கிலிருந்து வீசும் காற்று) அதைக் கிழித்து அடுத்த தெரு முருங்கை மரத்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்தது.

மேற்குச் சுவருக்கு வருவோம். மூன்று மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து வருவதால் அங்கே சன்ஷேடு உதவாது, நிற்கிற நிழல்தான் வேண்டும். சுவரிலிருந்து அரை அடி தள்ளி ஒரு கம்பிச் சட்டம் வைத்து முல்லையோ அவரையோ படரவிடலாம். பொறுமை இல்லாதவர்கள் பனையோலைத் தட்டி கட்டலாம். ஜன்னலுக்கும் இதே கணக்கு: தட்டியும் திரையும் கண்ணாடிக்கு வெளியே இருந்தால்தான் பலன். கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்தபின் எவ்வளவு கனத்த திரை போட்டாலும் சூடு அறைக்குள்தான் இருக்கும்.

ஏசி வைக்கிறவர்களும் இதையெல்லாம் செய்துவிட்டு வையுங்கள். எண்பது சதுர அடி அறைக்கு ஒரு டன் தாராளம். கூரையைக் கவனிக்காமல் வைத்தால் மெஷின் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

4. காற்று

ஆனி முதல் ஆவணி வரை நமக்கு மேல்காற்று. தென்காசி, குற்றாலம் பக்கம் அது சாரலோடு குளுகுளுவென்று வரும். கிழக்கே வர வர ஈரம் குறைந்து, பாளையங்கோட்டைக்கு வரும்போது பல நாள் வெறும் புழுதிதான். திருச்செந்தூர்ப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று. உங்கள் ஊர் எதில் வருகிறது என்று பார்த்து ஜன்னலை வையுங்கள். அம்பாசமுத்திரத்துக்காரருக்கு மேற்கு ஜன்னல் வரம்; எனக்கு அது துடைப்பத்துக்கு வேலை.

காற்று வந்தால் மட்டும் போதாது, போக வழி வேண்டும். ஒரே ஜன்னல் உள்ள அறையில் எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி ஒரு சின்ன வெண்டிலேட்டர் திறங்கள். மேலே சேருகிற சூடு அதன் வழியாக வெளியேறும். கோடையில் பகல் முழுக்க ஜன்னலை அடைத்து வைத்து, சூரியன் விழுந்து வெளியே குளிர்ந்த பிறகு விடிய விடியத் திறந்து விடுங்கள். கொசுவலை அடித்தால் காற்று குறையத்தான் செய்யும், ஆனால் வலையில்லாமல் இங்கே இருக்க முடியாது. அதனால் ஜன்னலைத் தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள்.

வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது, காருகுறிச்சி மண்பானையில் தண்ணீர் வைப்பது இரண்டும் காற்று காய்ந்திருக்கும் மாதங்களில் சுகம். ஐப்பசியில் தெளித்தால் பூஞ்சைதான் மிச்சம்.

மின்விசிறியின் இறக்கை தரையிலிருந்து குறைந்தது ஏழடி உயரத்தில் இருக்க வேண்டும். முடியாவிட்டால் சுவர் விசிறி. பி.எல்.டி.சி. விசிறி (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை) சுமார் 30 வாட்டில் ஓடும், பழைய விசிறி 75 வாட். கரண்ட் பில்லை விட எனக்கு முக்கியமாகப் பட்டது, இன்வெர்ட்டரில் அது கூடுதல் நேரம் தாங்குகிறது என்பதுதான்.

5. ஓதமும் மழையும்

கீழ் அறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது. ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள் இருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்தாலே பாதி சரியாகும். சுவர் ஓதத்தின் மேல் பெயிண்ட் அடிப்பது வீண். காரணத்தைக் கண்டுபிடித்து (பெரும்பாலும் குளியலறைக் குழாய்) சரிசெய்து, பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, அப்புறம் சுண்ணாம்பு அடியுங்கள். பழைய சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது, சுவர் மூச்சு விடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைக் கண்டவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஆற்றுப் பக்கம் தாழ்ந்த இடத்தில் வீடு இருந்தால் புத்தக அலமாரியின் கீழ்த் தட்டில் புத்தகம் வைக்காதீர்கள், ப்ளக் பாயின்டை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும். தட்டுகளில் வசம்பு அல்லது காய்ந்த வேப்பிலை.

6. சத்தம்

சத்தம் சுவர் வழியாக வருவதை விட இடுக்கு வழியாகத்தான் அதிகம் வருகிறது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் மற்ற எல்லாச் செலவும் தண்டம். ரப்பர் பட்டை ஒட்டுங்கள், கீழே ஒரு மரச்சட்டம் அடியுங்கள். தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வருகிற கதவை மாற்றிக் கனமான கதவு போட்டால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். டிவி இருக்கும் ஹாலை ஒட்டிய சுவரில் புத்தகங்களை நெருக்கி அடுக்குங்கள். அறைக்குள் பேசினால் எதிரொலி வருகிறதா? பாய், ஜமக்காளம், துணித்திரை மூன்றும் அதைக் குடித்துவிடும்.

கோயில் கொடைக்கு (ஊர்க் கோயில் திருவிழாவுக்கு) கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கு மட்டும் மருந்தே இல்லை. அந்த மூன்று நாளும் அறையைப் பூட்டிவிட்டு வில்லுப்பாட்டு கேட்கப் போய்விடுவதுதான் என் வழக்கம்.

7. தரை, சுவர், உட்காரும் இடம்

ஆசைப்பட்டதற்குச் செலவழிக்கும் கட்டம் இப்போதுதான் வருகிறது. தரைக்கு என் ஓட்டு சிவப்பு ஆக்சைடு. தைலம் போட்ட பழைய தார்சாத் தரையில் வெறும் காலை வைத்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஆனால் கை தெரிந்த கொத்தனார் வேண்டும். அவசரப்பட்டால் மயிர்க்கோடாக வெடிக்கும். ஒரே வீச்சில் தேய்த்து முடித்து, ஒரு வாரம் தண்ணீர் கட்டி, அப்புறம் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்த மினுக்கம் வரும். எனக்குச் செய்து தந்த கொத்தனார், "யக்கா, இப்போ இத யாரு கேக்கா? எல்லாரும் டைல்ஸுதான்" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் வேலையை நாலு நாள் ரசித்துச் செய்தார்.

சுவருக்கு வெள்ளை, சந்தனம், வெளிர் மஞ்சள். அடர் நிறங்களை நான் அனுபவித்துவிட்டேன். சின்ன அறையில் அவை வெளிச்சத்தை விழுங்கிவிடுகின்றன.

பாய்க்கு வேறெங்கும் தேட வேண்டாம், பத்தமடை பக்கத்தில்தான் இருக்கிறது. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறப்போட்டுக் காயவைத்துக் கீறி நெய்கிறார்கள். பட்டுப்போல மடங்குகிற நுண்ணிய பாய் விலை அதிகம், அதைத் தரையில் விரிக்க மனசு வராது, சுவரில் மாட்டலாம். தினப்படி உட்காரச் சாதாரண ரகம் போதும். ஈரம் படக்கூடாது, மடிக்கக்கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை இளவெயில் காட்டுங்கள். தனிமை தேடி ரிஷிகேசம் போன சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்ததும் இதே பத்தமடையில்தான். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, பாயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தரையில் உட்கார முடியாதவர்களுக்கு ஈஸி சேர் அல்லது நார்க்கட்டில். இரண்டிலும் அடியில் காற்று போகும். பீன் பேக்கும் ரெக்சின் சோபாவும் நம் ஊர் முதுகுக்கு வேர்க்குருதான் தரும். ஊஞ்சல் ஆசை இருந்தால் கொக்கியை பீமில் போடுங்கள். தளத்தில் துளைத்துப் போட்ட கொக்கியை நம்பாதீர்கள். பெட்டிக்குள் கிடக்கும் பழைய சுங்குடிச் சேலை நல்ல திரையாகும்.

8. வெளிச்சம்

நடு உச்சியில் ஒரு வெள்ளை ட்யூப்லைட் என்பது கடைக்குச் சரி. பல்பு அட்டையில் கே என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். 6500 என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை. 2700 அல்லது 3000 என்றால் அகல் விளக்கு நிறம். தனியறைக்குப் பின்னது. சுவரைப் பார்த்து ஒரு விளக்கு, படிக்க ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். வலக்கையால் எழுதுபவர்களுக்குப் படிக்கும் விளக்கு இடத்தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். விசிறியையும் ஒரு விளக்கையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்க எலெக்ட்ரீசியனிடம் வயர் இழுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பூசிய சுவரை மறுபடி வெட்டுவது பெரிய தலைவலி.

9. அறையைக் காப்பாற்றுவது

அறை கட்டுவதை விட அதைப் பரணாகாமல் காப்பது கஷ்டம். 'இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வெச்சுக்கிடுதேன்' என்று வரும் முதல் மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். அதற்கு முன்பே சாமான்களுக்கு வேறு இடம் காட்டிவிடுவது தர்மம். நான் மாடிப்படிக்கு அடியில் ஒரு அலமாரி அடித்துக் கொடுத்தேன், சண்டை பாதி குறைந்தது. அறைக்குள் பெரிய மேஜை வேண்டாம். தட்டையான எந்தப் பரப்பும் ஒரு மாதத்தில் இஸ்திரித் துணி வைக்கும் இடமாகிவிடும். உள்ளே தாழ்ப்பாள் அவசியம் வேண்டும். வயதானவர்கள் பயன்படுத்தும் அறையாக இருந்தால் வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு.

நேரத்தையும் வீட்டில் அறிவித்துவிடுங்கள். எனக்கு விடிகாலை நாலரை முதல் ஆறு. அதற்குப் பிறகு அறையை யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிளஸ் டூ படிக்கும் மகள்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறாள்.

10. அறையே இல்லாவிட்டால்

வாடகை வீடு, ஒரே ஹால் என்பவர்களுக்கு ஒரு மூலை போதும். நாற்காலியின் முதுகு டிவியைப் பார்க்க வேண்டும், முகம் ஜன்னலையோ முற்றத்தையோ பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு ஓலைத் தட்டி அல்லது ஆளுயரப் புத்தக அலமாரி. ஒரு விளக்கு. நேரம் குறித்த சீட்டு.

இதை நான் செய்து பார்த்தது அத்தைக்காகத்தான். போன வருடம், மூட்டு வலியோடு படியேற முடியாமல் கீழே நின்றுகொண்டு, "எனக்கும் அப்பிடி ஒண்ணு போட்டுத் தாயேன்" என்றார்கள். தார்சாவில் முற்றத்தைப் பார்த்த மாதிரி மாமாவின் பழைய ஈஸி சேர், கையெட்டும் தூரத்தில் செம்பில் தண்ணீர், வெற்றிலைப் பெட்டி, முதுகுப் பக்கம் ஒரு தட்டி. மூன்று மணியிலிருந்து நாலரை வரை அவர்கள் நேரம். அந்நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. காது நன்றாகத்தான் கேட்கிறது.